கடைக்காரர் எழுதித் தந்த பட்டியலும் தகரக் கூரை வீடும்

கேள்வி: வணக்கம் அண்ணே. நாங்கள் சுங்கை சிப்புட்டில் பழைய தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். அப்பா செம்பனை லோரி ஓட்டுகிறார். நான் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். தம்பி எஸ்.பி.எம். தேர்வு முடித்துவிட்டு அனிமேஷன் டிப்ளோமா படிக்கப் போகிறான். அவனுக்கு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். போனஸோடு சேர்த்து 4,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. அவன் விளையாடுவது பெரும்பாலும் வேலரண்ட் என்ற சுடும் விளையாட்டு. பிளெண்டர் என்ற 3டி அனிமேஷன் மென்பொருளும் கற்றுக்கொள்கிறான். ஒரு கடையில் 3,600 வெள்ளிக்கு இப்படி எழுதித் தந்தார்கள்: ஐ7-6700 பிராசசர், 16 ஜி.பி. ராம் ஒன்று, 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி., 1 டி.பி. ஹார்ட் டிஸ்க், ஆர்.டி.எக்ஸ். 3050 6 ஜி.பி. கார்டு, 700 வாட் பவர் சப்ளை, முன்பக்கம் கண்ணாடி வைத்த கேஸ், ஆறு கலர் விசிறி, 75 ஹெர்ட்ஸ் மானிட்டர். 500 வெள்ளி முன்பணம் கேட்கிறார்கள், இன்னும் கட்டவில்லை. வாங்கலாமா? இரண்டாம் கையில் கிராபிக்ஸ் கார்டு வாங்கினால் மிச்சமாகும் என்கிறான் தம்பி, அது சரியா? போன வருஷம் இடி விழுந்து டிவி டிகோடரும் ரவுட்டரும் ஒன்றாகப் போய்விட்டன, அந்தப் பயம் இன்னும் போகவில்லை. பாட்டிக்கோ கரண்டு பில் கவலை.
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அன்புத் தங்கைக்கு,

முன்பணம் கட்டவில்லை என்று படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. கட்ட வேண்டாம். அந்தப் பட்டியல் உங்கள் தம்பிக்கும் ஏற்றதல்ல, உங்கள் வீட்டுக்கும் ஏற்றதல்ல.

ஐ7 என்ற பெயரிலிருந்தே தொடங்குகிறேன். அந்தப் பெயர் வருஷா வருஷம் வந்துகொண்டே இருக்கிறது. எந்த வருஷத்துச் சாமான் என்பதைச் சொல்வது அதற்குப் பின்னால் வரும் எண்தான். 6700 என்றால் ஆறாவது தலைமுறை, 2015-இல் வந்தது. நான்கு கோர் (கணக்குப் போடும் மூளைகள்), எட்டுத் திரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்). 2022-இல் வந்த ஐ3-12100-க்கும் அதே நான்கு கோர், எட்டுத் திரெட்தான். ஆனாலும் விளையாட்டில் இந்த ஐ3 அந்த ஐ7-ஐ முந்திப் போகும். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்கும் இன்டெல் பட்டியலோ பெரும்பாலும் எட்டாவது தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 11-இல் வேலரண்ட் ஓட டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் இயங்க வேண்டும். பத்து வருஷத்துக்கு முந்தைய மதர்போர்டை வைத்துக்கொண்டு தம்பி விளையாடுவதைவிட அதோடு மல்லுக்கட்டும் நேரமே அதிகமாகிவிடும்.

கார்டிலும் இதே கதைதான். ஆர்.டி.எக்ஸ். 3050 என்ற ஒரே பெயரில் இரண்டு சாமான் இருக்கிறது. 2022-இல் வந்தது 8 ஜி.பி., 2,560 கோர், 130 வாட். 2024-இல் வந்தது 6 ஜி.பி., 2,304 கோர், 70 வாட். நினைவகத்துக்குப் போகும் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகக் குறுகிவிட்டது. பழைய அலுவலகக் கம்ப்யூட்டருக்குக் கொஞ்சம் உயிர் கொடுக்க இந்த 6 ஜி.பி. கார்டு நல்லதுதான், தனியாகப் பவர் கம்பிகூட வேண்டாம். ஆனால் புது கேமிங் கம்ப்யூட்டர் என்று 3,600 வெள்ளி கொடுக்கிற இடத்தில் அது இருக்கக் கூடாது. கடைக்காரர் பொய் எதுவும் எழுதவில்லை. பெயரை முன்னால் வைத்து எண்ணைப் பின்னால் வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? பதினெட்டு வருஷமாக ஈப்போவில் கம்ப்யூட்டர் கோர்த்தும் பழுது பார்த்தும் வருகிறேன். எல்லோரும் பிராசசரில் தொடங்குகிறார்கள். நான் வீட்டில் தொடங்கச் சொல்வேன். அப்புறம் திரை, அப்புறம் திரைக்கு ஏற்ற கார்டு. மீதியெல்லாம் அந்தக் கார்டுக்குத் துணை.

வீடு என்றால் முதலில் எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் கம்பி. பழைய தோட்டத்து வீடுகளில் சுவரில் மூன்று துளை பிளக் இருக்கும். ஆனால் மேல் துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. அல்லது வெளியே மண்ணில் இறக்கிய கம்பி துருப்பிடித்து எப்போதோ அறுந்திருக்கும். விளக்கும் விசிறியும் எர்த் இல்லாமலே ஓடுவதால் யாருக்கும் தெரிவதில்லை. கம்ப்யூட்டர் வந்த பிறகு கேஸின் இரும்பில் புறங்கை பட்டால் சுர்ரென்று ஒரு கூச்சம் ஏறும். பவர் சப்ளைக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. அவை கசியவிடும் மின்சாரம் எர்த்துக்குப் போக வழியில்லாமல் இரும்பிலேயே நிற்கிறது. அது ஆளைச் சாய்க்கும் அளவல்ல. ஆனால் அந்த வீட்டில் எர்த் இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். இடிக்காக விற்கும் சர்ஜ் புரொட்டெக்டரும் அதிகப்படியான மின்சாரத்தைத் தள்ளிவிட எர்த்தைத்தான் நம்பியிருக்கிறது. எர்த் இல்லையென்றால் அதன் வேலை முழுதாக நடக்காது. ஆகவே கம்ப்யூட்டருக்கு முன்பே உரிமம் உள்ள வயர்மேன் ஒருவரைக் கூப்பிட்டு, அந்த ஒரு பிளக் பாயிண்ட்டையாவது அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இதற்கான காசை 4,000-க்குள்ளேயே ஒதுக்கிவிடுங்கள்.

இடி இடித்ததும் மெயின் போர்டில் இ.எல்.சி.பி. (மின்கசிவு கண்டால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அது விழுந்தால் சாமான் தப்பிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். அது ஆளைக் காப்பாற்ற வைத்தது, சாமானை அல்ல. அது விழுவதற்குள் இடியின் அதிர்ச்சி உள்ளே போய்விட்டிருக்கும். அந்த அதிர்ச்சி கரண்டு கம்பி வழியாக மட்டும் வருவதும் இல்லை. கூரை மேலே டிஷ்ஷிலிருந்து இறங்கும் கம்பி, பழைய செம்பு டெலிபோன் கம்பி, ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் லேன் கம்பி என்று எல்லாமே வழிதான். என் கடையிலேயே ஒருமுறை மழை இருட்டியதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு லேன் கம்பியை விட்டுவிட்டேன். மறுநாள் அந்த மதர்போர்டில் நெட்வொர்க் மட்டும் செத்துக் கிடந்தது. உங்கள் டிகோடரும் ரவுட்டரும் ஒன்றாகப் போனது இதனால்தான் இருக்கும்.

ஆகவே தம்பிக்கு ஒரே ஒரு பழக்கம் வேண்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் நம் பக்கம் மதியத்துக்கு மேல் இடி மழை பிடித்துக்கொள்ளும். தூரத்தில் முதல் உறுமல் கேட்டதுமே கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, பிளக்கைச் சுவரிலிருந்தும் லேன் கம்பியைப் பின்னாலிருந்தும் பிடுங்க வேண்டும். சுவிட்சை அணைப்பது போதாது. நேராகப் பக்கத்தில் விழும் இடிக்கு முன்னால் எந்தப் புரொட்டெக்டரும் நிற்காது. அதற்கு ஒரே வைத்தியம் கம்பி சாமானைத் தொடாமல் இருப்பதுதான். யூ.பி.எஸ். என்ற பேட்டரிப் பெட்டி வைத்தால் கரண்டு சட்டென்று போய் வரும்போது வேலை அழியாமல் இருக்கும். அது இரண்டாவது வருஷத்தில் வாங்கினாலும் போதும்.

அடுத்தது வெயில். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் அறையே 33, 34 டிகிரி இருக்கும். கம்ப்யூட்டரின் சூடு அறையின் சூட்டுக்கு மேலேதான் ஏறும். ஏர்கோன் போட்ட கடையில் 70 காட்டியது உங்கள் வீட்டில் 80 காட்டும். நான் கீழே சொல்லப்போகும் பிராசசரின் எல்லை 90 டிகிரி. அதைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதனால்தான் கண்ணாடி முகப்புக் கேஸ் வேண்டாம் என்கிறேன். முன்னால் காற்றுக்கு வழியே இல்லாமல் ஆறு கலர் விசிறி சுற்றி என்ன பயன்? முன்பக்கம் முழுக்க வலை வைத்த கேஸ், முன்னால் இரண்டு விசிறி, பின்னால் ஒன்று, கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி. இவ்வளவு போதும். ஹாலில் சாமி மேடைக்குப் பக்கத்தில் வைப்பதாக இருந்தால் வேறு மூலை பாருங்கள். சாம்பிராணிப் புகையும் செம்மண் தூசியும் சேர்ந்து விசிறியில் களிம்பு மாதிரி ஒட்டிக்கொள்ளும், துடைத்தாலும் லேசில் போகாது. தரையில் வைக்காமல் ஒரு முழம் உயர்த்தி வையுங்கள்.

இனி திரை. வேலரண்ட் விளையாடுகிறவனுக்கு 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் தரக் கூடாது. 60 ஹெர்ட்ஸில், அதாவது செகண்டுக்கு 60 படத்தில், ஒரு படம் மாற 16.7 மில்லி செகண்ட் ஆகும், 144-இல் 6.9 தான். எதிரி சுவர் மூலையிலிருந்து எட்டிப் பார்க்கும் விளையாட்டில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 24 அங்குலம், 1080பி, ஐ.பி.எஸ். பேனல், 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல். இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். 1440பி திரையில் புள்ளிகள் ஏறக்குறைய 1.8 மடங்கு. அத்தனையையும் வரைய வேண்டியது கார்டு, உங்கள் பட்ஜெட் கார்டு அதில் திணறும். வாங்கி மாட்டியதும் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 144 என்று தம்பி மாற்ற வேண்டும். ஒரு பையன் வருஷம் முழுக்க 60-லேயே ஓட்டிவிட்டு மானிட்டர் சரியில்லை என்று என்னிடம் தூக்கி வந்தான். மானிட்டர் கம்பியையும் மதர்போர்டில் இல்லாமல் கிராபிக்ஸ் கார்டில்தான் செருக வேண்டும்.

இந்தத் திரைக்கு ஏற்ற கார்டு ஆர்.டி.எக்ஸ். 4060 அல்லது 5060. முன்னது 115 வாட், பின்னது 145 வாட், இரண்டும் 8 ஜி.பி. விலை நெருங்கி இருந்தால் 5060 எடுங்கள். விளையாட்டு மட்டும் என்றால் ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6600 கார்டு கொண்டே நிறைய மிச்சம் பிடித்திருப்பேன். தம்பி பிளெண்டர் படிப்பதால்தான் ஆர்.டி.எக்ஸ். கார்டுகளின் கம்பெனியான என்விடியா பக்கம் போகச் சொல்கிறேன். பிளெண்டரில் படத்தை உருவாக்கும் சைக்கிள்ஸ் என்ற பகுதி, என்விடியா கார்டுக்கே உரிய ஆப்டிக்ஸ் வழியாக ரெண்டர் செய்யும்போது (காட்சியை இறுதிப் படமாக்கும்போது) காத்திருக்கும் நேரம் நன்றாகக் குறையும். நாளைக்குப் பெரிய காட்சிகள் செய்யும்போது 8 ஜி.பி. இடிக்கும் என்பதும் உண்மைதான். அதற்காக 3060 12 ஜி.பி. யாராவது காட்டினால் பெட்டியை நன்றாகப் படியுங்கள், 3060-இலும் 8 ஜி.பி. என்று ஒன்று உண்டு, அது மெதுவானது.

இரண்டாம் கைக் கார்டு உங்களுக்கு வேண்டாம். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தின் முறை மாறி, கார்டு வைத்துச் சுரங்கம் தோண்டும் வேலை நின்றதும் இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. எல்லாமே கெட்டவை அல்ல. ஆனால் நல்லதைப் பிரிக்க, விற்பவர் முன்னாலேயே அரை மணி நேரமாவது முழு வேகத்தில் ஓட்டிச் சூடும் சத்தமும் பார்க்க வேண்டும். வீட்டில் இன்னொரு கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கு அது முடியாது. கெட்டுப்போனால் வாரண்டியும் இல்லை.

பிராசசருக்கு ரைசன் 5 5600. ஆறு கோர், பன்னிரண்டு திரெட், கூலர் பெட்டியிலேயே வரும். இதிலும் பெயர்க் குழப்பம் உண்டு. 5500, 5600ஜி இரண்டும் பக்கத்திலேயே கொஞ்சம் மலிவாக இருக்கும். அவற்றில் கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 16 எம்.பி., 5600-இல் 32. வேலரண்ட் போன்ற விளையாட்டு கார்டைவிடப் பிராசசரை நம்பியே ஓடுவதால் அந்தக் கேஷ் முக்கியம். அதோடு கார்டுக்குப் போகும் பாதையில் அவை பழைய பி.சி.ஐ. 3.0-இலேயே நின்றுவிடும். 4060-உம் 5060-உம் அந்தப் பாதையில் எட்டுத் தடம் மட்டுமே பயன்படுத்துபவை, அவற்றை வேகமான 4.0 பாதையில் வைத்தால்தான் நல்லது. அதனால் மதர்போர்டு பி550 ஆக இருக்கட்டும், ராமுக்கு நான்கு இடம் உள்ளதாக. புதிய ஏ.எம்.5 சாக்கெட்டில் (பிராசசர் உட்காரும் இடம்) ரைசன் 5 7600 எடுத்தால் பின்னால் பிராசசர் மாற்றிக்கொள்ள வழி அதிகம், உண்மைதான். ஆனால் அதற்கு டி.டி.ஆர்.5 ராம் வேண்டும். 2025-இன் கடைசி மாதங்களில் ராம் விலை கண்டபடி ஏறியது. உங்கள் தொகையில் ஏ.எம்.5-க்குப் போனால் கார்டைக் குறைக்க வேண்டிவரும், அது கூடாது.

ராம் ஒரே 16 வேண்டாம், 8-ஆக இரண்டு வாங்குங்கள். இரண்டு பாதையிலும் ஒரே நேரத்தில் போய்வரும்போது பிராசசருக்குத் தீனி இரண்டு மடங்கு. பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடத்தில் செருகி, பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) எக்ஸ்.எம்.பி. என்ற ராம் வேக அமைப்பை இயக்க வேண்டும். இல்லையென்றால் 3200 என்று எழுதிய ராம் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே ஓடும். மீதி இரண்டு இடம் பிளெண்டருக்காகக் காத்திருக்கட்டும். 256 எஸ்.எஸ்.டி.யும் ஹார்ட் டிஸ்க்கும் வேண்டாம், மதர்போர்டிலேயே செருகும் என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. 1 டி.பி. ஒன்றே போதும்.

பவர் சப்ளையைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் கைவைப்பது அங்கேதான். 700 வாட் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும். அதைத் திருப்பிப் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்ற கட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே 30 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஆல் பெருக்குங்கள், 360 வாட். பிராசசரும் கார்டும் குடிப்பது கிட்டத்தட்ட முழுக்க இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். நல்ல 550 வாட்டில் அந்தக் கட்டம் 45 ஆம்பியர் அளவில் இருக்கும். உங்கள் கணக்கு எவ்வளவு தெரியுமா? பிராசசர் அதிகபட்சம் 76, கார்டு 145, மீதிக்கு ஒரு 50. மொத்தம் 300-க்குக் கீழே. ஆகவே நல்ல 550 வாட் தாராளம். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் வீணாகாமல் இருப்பதைச் சொல்வது, உள்ளே உள்ள சாமானின் தரத்தைச் சொல்வதல்ல. நான் பார்ப்பது வாரண்டி வருஷத்தை. ஐந்து வருஷம் தருகிறவர் தன் சாமானை நம்புகிறார். மலிவான ஒன்று வெடித்துப் போகும்போது தனியாகப் போவதில்லை, மதர்போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் பங்காகச் சொல்கிறேன். 4,000-இல் கார்டுக்கு மூன்றில் ஒன்று. பிராசசரும் மதர்போர்டும் சேர்த்து ஐந்தில் ஒன்று. ராமும் எஸ்.எஸ்.டி.யும் சேர்த்து இன்னொரு ஐந்தில் ஒன்று. மானிட்டருக்கு எட்டில் ஒன்று. மீதியில் பவர் சப்ளை, கேஸ், சர்ஜ் புரொட்டெக்டர், வயர்மேன். பணம் இடித்தால் கார்டில் ஒரு படி இறங்குங்கள், பவர் சப்ளையிலும் எர்த்திலும் இறங்காதீர்கள். கார்டை இரண்டு வருஷம் கழித்து மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று. தம்பி லேக் என்று சொல்வது எதை? படம் திக்கித் திக்கி ஓடினால் அது கம்ப்யூட்டர். படம் சீராக ஓடியும் சுட்டது படாமல் போனால் அது இணையம். நம் பக்கத்து வேலரண்ட் ஆட்டங்கள் சிங்கப்பூர் சர்வரில்தான் பெரும்பாலும் நடக்கும். அங்கே போய்வரும் நேரத்தை எந்தக் கார்டும் குறைக்காது. வைஃபையை விட்டு லேன் கம்பிக்கு மாறினால் பாதிப் பிரச்சினை தீரும்.

சாமானைத் தனித்தனியாக வாங்கி, தம்பியையே கோர்க்கச் சொல்லுங்கள். ஸ்குரூ திருப்பத் தெரிந்தால் ஒரு நாள் வேலை. ஒவ்வொரு பெட்டியின் சீரியல் எண்ணையும் ரசீதோடு சேர்த்துப் படம் பிடித்து வையுங்கள். வாரண்டியில் கடை இழுத்தடித்தால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி மனு கொடுக்கலாம், வக்கீல் வேண்டாம்.

பாட்டியிடம் இப்படிச் சொல்லுங்கள்: மானிட்டரோடு சேர்த்துச் சராசரியாக 250 வாட், ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் விளையாடினால் ஒரு யூனிட். மாதம் 30 யூனிட். தம்பி ரெண்டர் போட்டுவிட்டு இரவு முழுக்கத் தூங்கினால் அது வேறு கணக்கு, அதை மாதக் கடைசியில் மீட்டரைப் பார்த்து அவனையே பாட்டிக்குச் சொல்லச் சொல்லுங்கள்.